தரகர் வேறு, ஆள்பிடிப்பவர் வேறு!

ஆங்கிலத்தில் ஒரு சிறுசொல் உண்டு. அதனை ஒலிப்படியே தமிழெழுத்தில் எழுதினால் 'டவுட்டு' என்றாகும். ஐயத்தைக் குறிக்கும் மற்றோர் ஆங்கிலச் சொல்லும் தமிழெழுத்தில் 'டவுட்டு' என்றே நிற்கும். எனவே, 'வழக்குமன்ற வாயிலில் டவுட்டுகள் பெருகிவிட்டன' என்று ஒருவர் எழுதினால், வழக்காட வந்தவர்க்கு ஐயங்கள் பெருகிவிட்டன என்றே படிப்போர் கொள்வர். வாயிலில் நின்று ஆள்பிடிக்கும் கூட்டம் பெருகிவிட்டது என்பது ஒருவர்க்கும் தோன்றாது. மொழிமுதலில் டகரம் வாராது என்னும் மரபைக் காக்க எண்ணித் 'தவுட்டு' என்றெழுதப் புகுந்தாலோ, அது தவிட்டுக் கடைக்கு வழிகாட்டிவிடும்! அயற்சொல்லை அப்படியே எடுத்தாண்டால் கருத்து தெளிவாக விளங்கும் என்று ஓயாது சொல்லிவரும் அறிஞர்கள் இதற்கு என்ன விடை சொல்வர்?

அச்சொல்லைப் பெயர்க்க முற்படும் செய்தித்தாள்களும் அலுவலகங்களும் பெரும்பாலும் இரண்டு குறுக்குவழிகளையே நாடுகின்றன. பெயர்ச்சொல்லாயின் 'தரகர்' அல்லது 'இடைத்தரகர்' என்பர். வினைச்சொல்லாயின் 'கருதப்படுகிறது', 'கூறப்படுகிறது' என்று வாக்கியத்தை முடித்துவிடுவர். முன்னது நேர்மையான ஒரு தொழிலின்மேல் சுமத்தும் பழி. பின்னது விற்பவனின் கூச்சலை ஊராரின் தீர்ப்பாக மாற்றிக் காட்டும் பிழை. இரண்டும் இறுதியில் எளிய மக்களின் மடியையே தொடுகின்றன.

அச்சொல் ஆங்கிலத்தில் நடந்து வந்த வழியை முதலில் காண்க. பழைய ஆங்கிலத்தில் அதன் வேர் எட்டிப்பார்த்தல், தலைநீட்டி நோக்குதல் என்னும் பொருளது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது கள்வர்தம் குழூஉக்குறியாக வழங்கிற்று. கூட்டாளிகள் வீட்டினுள் களவாட, தெருமுனையில் நின்று ஆள் வருகிறதா என்று பார்த்திருப்பவனுக்கு அப்பெயர். அதே நூற்றாண்டில் அச்சொல் கடைத்தெருவுக்கும் வந்தது. இங்கிலாந்தின் தென்கிழக்கே தன்பிரிட்சு வெல்சு என்றோர் ஊர் உண்டு. அங்குள்ள ஊற்றுநீரைப் பருகினால் நோய் தீரும் என்று நம்பி இலண்டன் செல்வர்கள் அங்குத் திரண்டனர். ஊர்க் கடைக்காரரும் விடுதிக்காரரும் அவர்கள் வரும் வழியைப் பார்த்திருந்து, புதிதாய் வந்தவரை மறித்துத் தத்தம் கடைக்கும் விடுதிக்கும் வருமாறு நச்சரித்தனர். வழிபார்த்து நின்ற இவர்களுக்கும் கள்வரின் காவலாளுக்கு வழங்கிய பெயரே ஒட்டிக்கொண்டது. பார்த்திருத்தல் என்னும் பொருள் இவ்வாறே பிடித்திழுத்தல் என்னும் பொருளாயிற்று.

பின்னர் அது குதிரைப் பந்தயத்துள் நுழைந்தது. நியூமார்க்கெட்டு போலும் பயிற்சியூர்களில் வைகறையிலேயே சென்று, எக்குதிரை நன்றாக ஓடுகிறது, எது நொண்டுகிறது என்று வேவுபார்த்து, அறிந்ததைச் சூதாடுவோர்க்கு விற்றவனுக்கும் அதே பெயர். வேவு பார்த்து விற்றவன், நாளடைவில் வேவு பார்க்காமலே விற்கத் தொடங்கினான். 'இக்குதிரையே வெல்லும்' என்று அடித்துச் சொன்னால் போதாதா? அமெரிக்க நாட்டில் 20ஆம் நூற்றாண்டில், ஒரு பொருளை அளவுமீறிப் புகழ்ந்து முன்னே தள்ளுதல் என்னும் பொருள் அச்சொல்லுக்கு வந்து சேர்ந்தது. பிரித்தானியாவிலோ, ஆட்டங்களுக்கும் இசைநிகழ்ச்சிகளுக்கும் உரிய நுழைவுச்சீட்டுகளை வாங்கிக் குவித்து மிகைவிலைக்கு விற்பவனை அப்பெயரால் அழைக்கின்றனர். கால்பந்தாட்டச் சீட்டுகளை அவ்வாறு ஒப்புதலின்றி விற்பதை 1994ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அங்குக் குற்றமாக்கியது. வட அயர்லாந்தில் அச்சொல்லின் பொருள் இன்னும் கொடியது. அங்கு அது காட்டிக்கொடுப்பவனைக் குறிக்கும். 1960களின் இறுதியில் தொடங்கி 1998ஆம் ஆண்டு உடன்பாடுவரை நீண்ட மோதற்காலத்தில் அப்பெயர் சூட்டப்பட்டவர் பலர் உயிரிழந்தனர்.

கள்வனின் காவலாள், விடுதிக்கு இழுப்பவன், குதிரை வேவுகாரன், சீட்டுப் பதுக்கி, காட்டிக்கொடுப்பவன் என இத்தனை பேரையும் ஒரே சொல் சுமக்கிறது. இவர்களை இணைக்கும் இழை யாது? அவன் நம்மைப் பார்க்கிறான். அவன் எவனுக்காகப் பார்க்கிறான் என்பதை நாம் பார்ப்பதில்லை. கூலி கொடுப்பவன் திரைக்குப் பின்னே இருக்கிறான். அச்சொல்லின் உயிர்நிலை இதுவே.

இனித் தரகரைக் காண்க. மணப்பாறை மாட்டுச் சந்தையிலோ பொள்ளாச்சிச் சந்தையிலோ மாட்டுத் தரகர் செய்வது யாது? விற்பவரும் வாங்குபவரும் அவரை அறிவர். துண்டால் கையை மூடி, விரலைப் பிடித்து விலை பேசுவார். சுற்றி நிற்பவர்க்கு விலை தெரியாதேயன்றிப் பேரம் பேசும் இருவர்க்கும் அவர் யார் என்பதும், அவருக்குரிய தரகு எவ்வளவு என்பதும் தெரியும். மாட்டின் சுழி, பல், நடை எல்லாம் அவருக்கு அத்துபடி. பேரம் முறிந்தாலும் அடுத்த கிழமை அதே சந்தையில் அதே முகங்களை அவர் பார்த்தாக வேண்டும். ஆகவே நாணயம் அவருக்கு முதல். மலையாளத்தில் தரகன் என்பது மதிப்புக்குரிய குடிப்பட்டமாகவே நிலைத்திருப்பதும் எண்ணத்தக்கது. தரகருள் பொய்யர் இல்லையோ எனின், உளர். பொய்யர் இல்லாத தொழில் எது? அப்பொய்யரைக் கொண்டு தொழிலின் பெயரையே குற்றத்தின் பெயராக்குவது முறையன்று.

'இடைத்தரகர்' என்னும் சொல்லோ இன்னும் வேடிக்கையானது. தரகர் என்றாலே இடையில் நிற்பவர்தாம். இடையில் நில்லாத தரகர் எவரேனும் உளரா? 'நடுமையம்' என்று எழுதுவார் எழுத்துக்கு இதுவும் ஒரு தங்கை.

ஆங்கிலச் சொல்லுக்குச் சட்டம் வகுத்த வரையறையைப் படிப்போர்க்கு இவ்வேறுபாடு பட்டப்பகலாய் விளங்கும். வெள்ளையர் ஆட்சியில் 1879ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டத்தொழிலர் சட்டமும், அதன் பின்வந்த திருத்தங்களும் இக்கூட்டத்தை இனங்காட்டின. வழக்குரைஞரிடமிருந்து கைம்மாறு பெற்றுக்கொண்டு, அவருக்கு வழக்குப் பிடித்துக் கொடுப்பவன் எவனோ அவனே இச்சொல்லுக்கு உரியவன். அவ்வாறு பிடிப்பதற்காக வழக்குமன்றங்கள், வருவாய் அலுவலகங்கள், தொடர்வண்டி நிலையங்கள், இறங்குதுறைகள், தங்கல்மனைகள் ஆகிய இடங்களில் அடிக்கடி நடமாடுபவனும் அவனே. இறங்குதுறையையும் தங்கல்மனையையும் சட்டம் ஏன் எண்ணிச் சொல்கிறது? வெளியூரான் முதலில் கால்வைக்கும் இடங்கள் அவை. இன்ன வீதி எங்குள்ளது, இன்ன அலுவலர் எந்த மாடியில் இருப்பார் என்று அறியாமல் கையில் ஒரு துணிப்பையோடு விழிப்பவனை முதலில் காண்பவன், அவனைப் பிடித்துவிடுகிறான். 'ஐயா, எந்த ஊர்? என்ன வழக்கு?' என்று அவன் கேட்கும் கனிவில் வந்தவர் நெகிழ்ந்துபோகிறார். உதவ வந்த உறவினன்போல் நிற்கும் அவனுக்குக் கூலி மறுபுறத்திலிருந்து வருகிறது. அக்கூலியோ, இறுதியில் வந்தவரின் கட்டணத்திலேயே ஏற்றப்படுகிறது.

இந்திய நாடாளுமன்றம் 2023ஆம் ஆண்டு வழக்குரைஞர் சட்டத்தைத் திருத்தி, 45அ என்னும் புதிய பிரிவைச் சேர்த்து, அதே வரையறையைப் புதுப்பித்தது. 1879ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கியது. இத்தகையோரின் பட்டியலை மன்றங்கள் வகுத்து வெளியிடலாம். தம் பக்கத்தைச் சொல்ல அவர்களுக்கு முதலில் வாய்ப்பளித்தல் வேண்டும். பட்டியலின் படி மன்றத்தில் தொங்கவிடப்படல் வேண்டும். பெயர் ஏறிய பின்னும் அத்தொழிலைச் செய்பவனுக்கு மூன்று திங்கள்வரை சிறையோ, 500 உருபாவரை தண்டமோ, இரண்டுமோ உண்டு. பழஞ்சட்டத்தில் வெள்ளையன் எழுதிவைத்த தொகையும் 500 உருபாவே! விலைவாசி எத்தனை மடங்கு ஏறினும் ஆள்பிடிப்பவனின் தண்டத்திற்கு மட்டும் மூப்பில்லை போலும்.

அச்சட்டத்தில் மேலும் ஒரு நுட்பம் உண்டு. ஒருவன் இத்தொழிலன் என்பதைப் பொதுமக்களிடையே அவனுக்குள்ள பேரைக் கொண்டும் மெய்ப்பிக்கலாம். அஃதாவது, ஊரார் அவனை என்னவென்று அறிவர் என்பதும் சான்றாகும். ஊரார் வாயில் அதற்கென ஒரு தெளிவான சொல் இருந்தாலன்றோ அச்சான்று உருப்பெறும்? மாட்டுத் தரகரும் அவர், மனைத் தரகரும் அவர், மணத் தரகரும் அவர், வழக்குமன்ற வாயிலில் நின்று ஏழையின் கழுத்தை நெரிப்பவனும் 'தரகரே' என்றால், அப்பேர் எதற்குச் சான்றாகும்?

தமிழில் சொல்லில்லை என்று சொல்ல ஒருவரும் துணிய வேண்டா. ஊர்ப்புறத்தில் எவரைக் கேட்பினும் 'ஆள் பிடிக்கிறவன்' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவர். ஆள்பிடித்தல் என்னும் வினையில் இரையும் உண்டு, வலையும் உண்டு, பிறர்க்காகப் பிடித்தல் என்னும் குறிப்பும் உண்டு. 'ஆள்பிடிப்பவர்' என்று எழுத்தில் ஏற்றினால் போதும். இவ்வளவு எளிய சொல்லைப் படித்தோர் நாடாமைக்குக் காரணம், அது பாமரர் வாயில் வழங்குவதே. பாமரர் வாயிலேயே தமிழ் பல காலம் உயிர்பிழைத்து வந்தது என்பதை அவர்கள் மறந்தனர்.

இனி, கூவி விற்பதெல்லாம் குற்றமோ எனின், அன்று. தமிழில் 'பகர்தல்' என்னும் வினைக்குச் சொல்லுதல், விற்றல் என்னும் இருபொருளும் உண்டு. பழந்தமிழர்க்குச் சொல்லி விற்பதே விற்பனை. சிலப்பதிகாரம் புகாரின் தெருக்களில் நறுமணப் பொருள்களை விற்றுத் திரிவோரைப் 'பகர்வனர்' என்றே அழைக்கிறது. பட்டினப்பாலை காட்டும் வணிகர், தாம் வாங்குவதில் மிகுதி கொள்ளாமலும் கொடுப்பதில் குறை வையாமலும் வெளிப்படச் சொல்லி விற்றனர். அகநானூற்றின் 140ஆம் பாட்டில் அம்மூவனார் ஓர் உமணர் மகளைக் காட்டுகிறார். கைவளை ஒலிக்க வீசி நடந்து, நெல்லுக்கு ஒப்பாக உப்பைத் தருவதாகச் சேரியிற் கூவுகிறாள். அக்குரல் கேட்டு வீட்டு நாய் குரைக்கிறது. அவள் கூவுவதில் ஒளிவுமறைவு எங்குள்ளது? பண்டம் தலைமேல் இருக்கிறது, விலை நாவின்மேல் இருக்கிறது, விற்பவள் கண்முன் நிற்கிறாள். வேண்டியவர் நெல்லைக் கொண்டு வருவர், வேண்டாதவர் கதவைச் சாத்துவர். இன்றும் காய்கறி வண்டிக்காரரும் கீரைக்காரம்மையும் செய்வது அதுவே. அதனை ஆள்பிடித்தலோடு சேர்த்தெண்ணுவது பெரும்பிழை. இந்தியத் தொடர்வண்டிச் சட்டமும் 1989ஆம் ஆண்டில் இவ்விரண்டையும் வெவ்வேறாகவே வைத்தது. ஒப்புதலின்றிப் பயணச்சீட்டுகளைப் பெற்று விற்கும் தொழிலுக்கு 143ஆம் பிரிவு மூன்றாண்டுவரை சிறை வகுத்தது. வண்டியிலும் நிலையத்திலும் உரிமமின்றிக் கூவி விற்பதை வேறொரு பிரிவிற் குறைந்த குற்றமாக வைத்தது. ஆனால், செய்தி எழுதுவோர்க்கோ இரண்டும் ஒன்றே.

வேண்டாத பண்டத்தை வற்புறுத்திக் கொடுப்பதற்கும் தமிழர் தனிச்சொல் வைத்துள்ளனர். 'தலையில் கட்டிவிட்டான்' என்பர். அழுகிய காயைத் தலையில் கட்டிவிட்டான், ஓடாத வண்டியைத் தலையில் கட்டிவிட்டான் என்னும்போது, சுமக்கப் போகிறவன் யார் என்பது சொல்லிலேயே விளங்கிவிடுகிறது. ஆங்கிலச் சொல்லில் அச்சுமை தெரிவதில்லை.

அடுத்து, அச்சொல்லின் வினைவடிவத்தைத் தமிழ்ச் செய்தித்தாள்கள் படுத்தும் பாடு. ஓர் ஊரில் ஒரு மேம்பாலம் எழுகிறது என்க. நகர நெரிசலைத் தீர்க்க வந்த அருமருந்து என்று கட்டுவோர் அதனைப் புகழ்கின்றனர். ஆங்கிலச் செய்தியாளர் இவ்விடத்தில் அச்சொல்லைப் பெய்வார். அதனுள் ஒரு சிறு நகைப்பு உண்டு. 'இவர்கள் அப்படித் தூக்கிவைத்துப் பேசுகிறார்கள். உண்மை எப்படியோ' என்று எழுதுவோர் ஓரடி விலகி நிற்கிறார். தமிழாக்குவோர் என்ன செய்கின்றனர்? 'இப்பாலம் நெரிசலுக்குச் சிறந்த தீர்வாகக் கருதப்படுகிறது' என்று எழுதிவிடுகின்றனர். கருதியவர் யார்? எவரும் இல்லை. விற்றவனும் மறைந்தான், புகழ்ந்தவனும் மறைந்தான், செய்தியாளரின் ஐயமும் மறைந்தது. எஞ்சியது ஒரு தீர்ப்பு. அதுவும் ஊரே கூடி வழங்கியது போன்ற தீர்ப்பு. காலையில் அதனைப் படிக்கும் உழவரும் ஆசிரியரும், எல்லாரும் அவ்வாறே கருதுகிறார்கள் போலும் என்று தாமும் கருதத் தொடங்குகின்றனர். புதிய உரத்திற்கும், புதிய மருந்துக்கும், புதிய பள்ளிக்கும், பங்குச் சந்தைக்கு வரும் புதிய நிறுவனத்திற்கும் இதுவே நடக்கிறது. காசு கொடுத்துச் செய்யும் விளம்பரத்திற்காவது 'விளம்பரம்' என்று மேலே அச்சிடுவர். இக் 'கருதப்படுகிறது' விளம்பரத்திற்கு அப்பட்டையும் இல்லை.

தமிழ்வினை எழுவாயை நாடுவது. 'பாலத்தைக் கட்டும் நிறுவனத்தார் அதனைச் சிறந்த தீர்வென்று தூக்கிவைத்துப் பேசுகின்றனர்' என்று எழுதுவதில் என்ன இடர்? இரண்டு சொல் கூடும். ஒரு பொய் குறையும். 'படு' என்னும் துணைவினைக்குத் தமிழில் இடமில்லை என்பதன்று; செய்தவனை ஒளிப்பதற்கென்றே அதனைக் கூலிக்கு அமர்த்துவது கூடாது என்பதே.

ஆள்பிடித்தலின் கொடுமையைத் தமிழினம் ஏட்டில் மட்டும் படித்ததன்று. 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கும், மலேயாவின் இரப்பர்த் தோட்டங்களுக்கும் ஆள்பிடிக்கக் கங்காணிகள் சிற்றூர்களுக்கு வந்தனர். தலைக்கு இவ்வளவு என்று அவர்களுக்குக் கூலி. வந்தவன் அயலான் அல்லன். பெரும்பாலும் அவ்வூரான், அல்லது உறவினன். அவன் பேசியதும் அவர்கள் பேசிய தமிழே. மலைநாட்டில் வேண்டியதெல்லாம் எளிதிற் கிடைக்கும் என்று அவன் சொன்னபோது, வறட்சியில் வாடிய குடும்பங்கள் முன்பணத்தைப் பெற்றுக்கொண்டு மூட்டை கட்டின. அம்முன்பணமே பின்னர்க் கழுத்தில் கயிறாயிற்று. இந்திய அரசு தடைவிதித்து, மலேயாவுக்கு 1938இலும் இலங்கைக்கு 1939இலும் இக்கூலியாள் ஏற்றுமதி நின்றது. ஆயினும் இன்றும் அயல்நாட்டு வேலை என்று சொல்லி, ஊர்தோறும் பணம் பெற்றுத் திரிவோரின் பேச்சைக் கேட்போர்க்குக் கங்காணியின் குரல் கேளாமற் போகாது.

இவ்விடத்தில் ஒன்றை ஒளியாமற் சொல்லுதல் வேண்டும். கங்காணி தமிழில்தான் ஏமாற்றினான். தன்பிரிட்சு வெல்சில் மறித்தவனும் மறிக்கப்பட்டவனும் பேசியது ஒரே ஆங்கிலம். ஆகவே அயல்மொழி ஒன்றே ஆள்பிடிப்பவனை ஈன்றது என்பது பொருந்தாது. அவனை ஈன்றது அறியாத இடம். கங்காணி இரண்டிடத்தையும் அறிவான், குடியானவன் ஓரிடத்தையே அறிவான். அவ்விடைவெளியே கங்காணியின் முதலீடு. ஆனால், தன் மாவட்டத்தில், தான் பிறந்து வளர்ந்த ஊருக்குப் பத்துக்கல் தொலைவில் உள்ள அலுவலகத்தில், ஒரு தமிழர் ஏன் வெளியூரானாக விழிக்க வேண்டும்? அவர் கையில் கொடுக்கப்படும் படிவம் ஆங்கிலத்தில் இருக்கிறது. நடுவண் அரசின் அலுவலகமாயின் இந்தியும் உடன் இருக்கிறது. சென்னை உயர் வழக்குமன்றத்தின் நடவடிக்கை மொழி இன்றளவும் ஆங்கிலமே. தமிழுக்கு இடந்தரல் வேண்டுமென 2006ஆம் ஆண்டு சட்டப்பேரவை தீர்மானம் நிறைவேற்றியும் வழி பிறக்கவில்லை. தம் வழக்கில் தம்மைப் பற்றி என்ன பேசப்பட்டது என்பதை வெளியே வந்து மற்றொருவரிடம் கேட்டறியும் நிலையில் வழக்காடி இருக்கிறார். அம்மற்றொருவர் யாராக இருப்பார் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? தன்பிரிட்சு வெல்சுக்கு வந்தவர் முப்பது கல்லுக்கு மேல் பயணம் செய்து அயலூரார் ஆயினர். தமிழரோ, வாயிற்படியைத் தாண்டிய அளவிலேயே அயலூரார் ஆகிவிடுகின்றனர்.

படிவம் நிரப்பித் தந்தும், முறையீடு எழுதித் தந்தும் மரநிழலில் அமர்ந்து பிழைக்கும் எளியோரை இதில் சேர்த்தல் கூடாது. அவர்கள் செய்யும் வேலையும் வாங்கும் கூலியும் எல்லார்க்கும் தெரியும். அலுவலகத்தினுள் எவரிடமும் அவர்களுக்குப் பங்கில்லையேல், அவர்கள் செய்வது தொண்டே.

எனவே சொற்களை அவ்வவற்றின் இடத்தில் வைத்தல் வேண்டும். இருவரும் அறியக் கூலி பெற்று நடுநிற்பவர் தரகர். ஒருவனிடம் கூலிபெற்று மற்றவரை இழுத்து வருபவர் ஆள்பிடிப்பவர். நுழைவுச்சீட்டையும் பயணச்சீட்டையும் முடக்கி மிகைவிலைக்கு விற்பவர் சீட்டுப் பதுக்கிகள். பந்தயத் திடலில் ஒளிந்து பார்ப்பவர் வேவுகாரர். காட்டிக்கொடுப்பவர்க்குத் தமிழில் அப்பெயரே போதும். பண்டத்தை அளவுமீறிப் புகழ்வது தூக்கிவைத்துப் பேசுதல். வேண்டாதார்க்கு விற்பது தலையில் கட்டுதல். ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச்சொல்லே வேண்டும் என்பது அகரமுதலி அச்சிடுவோர்க்கு எளிதாகலாம். மொழியின் இயல்பு அதுவன்று. ஆங்கிலத்தான் ஏழு பொருளை ஒரு சாக்கில் கட்டினான் என்பதற்காகத் தமிழரும் சாக்கோடு சுமக்க வேண்டுவதில்லை.

அலுவலகச் சுவர்களில் 'இடைத்தரகர்களை நம்பி ஏமாற வேண்டாம்' என்னும் பலகையைக் காணாதார் இலர். அதனடியிலேயே நின்று ஆள்பிடிப்பவனும் அதனைப் படித்திருக்கிறான். 'நான் தரகன் இல்லை ஐயா, உதவிக்கு வந்தவன்' என்று கூசாமற் சொல்கிறான். படித்தவரும் நம்பிவிடுகிறார். அப்பலகையில், 'இங்கு உங்களை அணுகி உதவுவதாகச் சொல்லும் ஆள்பிடிப்பவருக்கு வேறொருவர் கூலி கொடுக்கிறார்; அக்கூலியும் உங்கள் பணமே. இன்ன வேலைக்கு அரசுக் கட்டணம் இவ்வளவு. இன்ன அறையில் இன்ன அலுவலரிடம் கட்டுக' என்று எழுதிவைக்கத் தமிழில் எச்சொல் குறைகிறது? எத்துறையின் ஒப்புதல் வேண்டும்? 2023ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி மன்றங்களில் தொங்கவிடப்படும் பட்டியலுக்கும் தலைப்பொன்று எழுதப்பட்டாக வேண்டும். அதனை 'டவுட்டுகளின் பட்டியல்' என்று எழுதினால் வழக்காடி நகைப்பார். 'தரகர்களின் பட்டியல்' என்று எழுதினால் மணப்பாறைச் சந்தைக்காரர் வழக்குத் தொடுப்பார். 'ஆள்பிடிப்பவர் பட்டியல்' என்று எழுதினால், அதன்கீழ் உள்ள பெயர்களைப் படித்துவிட்டு வாயிலில் நிற்பவரின் முகத்தை வழக்காடி நிமிர்ந்து பார்ப்பார்.